புளிக்குப் போகாத கறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு ஆம்பூரில். நான் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். வாசலில் இறங்கியதும் ஒரு பெண் மெதுவாக நடந்துவந்து என் டிரங்குப் பெட்டியில் கை வைத்தாள். யாரோ விருந்தாளி போலிருக்கிறது, இவர்களிடம் போய்ப் பெட்டியைக் கொடுப்பதா என்று நான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாப்பா, வேலூர் தண்ணி குடிச்சா அண்ணி மொகம் கூட மறந்து போய்டுமா?" என்றாள் அவள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

என் அண்ணனின் மனைவி. நெமிலிப் பக்கத்துப் பெண், தாய் தகப்பன் இல்லாதவள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் என்பதால் அண்ணி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா, போதான். அண்ணன் விஷக் காய்ச்சலில் போனபிறகு, சின்ன வயசு, பிள்ளை குட்டி இல்லை, இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று பலபேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. "அது என் எடம். அத வுட்டுட்டு நான் எங்க போறது?" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மாமியாரோடு இருந்துகொண்டு தோல் ஷாப்புக்குப் பட்டை இடிக்கப் போனாள்.

தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் தோல் ஷாப் என்றுதான் பேர். ஆவாரம் பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றில்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். பட்டையில் கை வைத்தவர்களுக்கெல்லாம் கை கால் கறை ஏறிவிடும். கூடவே இரும்பும் பட்டால் கறுத்துப் போகும். எங்கள் தெருவில் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் புளியைக் கரைத்து, எலுமிச்சம்பழத் தோலையும் சேர்த்துக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். கோவிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குக் கறைக் கையை நீட்டக் கூடாது என்று ஒரு வழக்கம். இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் என் அம்மா உலக்கையைத் தேடுவாள். கல்யாணத்துக்கும் அப்படித்தான், சாவுக்கும் அப்படித்தான். இறந்தவர்கள் கையைக்கூடப் புளியால் கழுவித்தான் பெட்டியில் வைப்போம்.

அன்றைக்கு அண்ணி கொல்லையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்தேன். முகம் வட்டமாக உப்பி, கன்னம் சிவந்து கிடந்தது. மேல் உதட்டில் பூனை முடி. பின் கழுத்தில் சின்னத் திமில் மாதிரி சதை. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கை கால் மட்டும் குச்சியாக இருந்தது. எழுந்திருக்க வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். முழங்கை வரைக்கும் கறுப்பு. விரல் கணுக்களில் மை தடவினது போல இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. தேய்த்த இடத்தில் தோல்தான் வெங்காயச் சருகு மாதிரி கிழிந்து ரத்தம் வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, பண்டிகைக்குக் கை கழுவக்கூடத் துப்பில்லையா என்று சத்தம் போட்டாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தினி மாசம்னு நீ கேளு. உங்கிட்ட சொல்லுவா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணி வீட்டுக்குத் தூரமாகி எவ்வளவோ நாளாயிற்றாம். வயிறு மாசத்துக்கு மாசம் ஏறுகிறதாம். தொடையிலும் கையிலும் யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி கன்றிப்போன தடம் இருக்கிறதாம். ஷாப்பில் நடக்கும்போது ஆம்பளைகள் மேல் இடித்துக்கொண்டு போகிறாளாம், கேட்டால் பார்க்கவில்லை என்கிறாளாம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளைப் பெரிம்மா என்போம். அவளிடம் அம்மா போய்க் கேட்டிருக்கிறாள். அவள் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பாத்தாலே தெரியுதே, இத இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்று சொல்லியனுப்பிவிட்டாள். அது போதாதா? நெருப்பில்லாமல் புகையுமா என்று தெரு முழுக்கப் பேச்சு. சபை மூப்பர்கள் கூடி, உண்மையைச் சொல்லும்வரை இவளுக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்த்துவிட்டார்கள்.

திருவிருந்து நிறுத்தப்பட்டுச் சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் செத்தால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. கற்றாழை வேலிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில்தான் புதைப்பார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அழுதாள். ஆனால் கோபம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. போன மகனுக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்பது அம்மாவின் எண்ணம்.

சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு எப்போதும் வராது. கொல்லைக்குப் போய் அண்ணியிடம் நேராகவே கேட்டேன். அவள் புளித் தண்ணீரில் கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என் வயித்துல புள்ள இல்ல பாப்பா. இருந்தா எனக்குத் தெரியாதா? தப்பு பண்ணிட்டேன்னு ஒரு ஆம்பள பேர சொல்லிட்டா, சபைக்கு முன்னாடி முட்டி போட வச்சி, மன்னிச்சி சேத்துக்குவாங்களாம். பொய் சொன்னா உள்ள, மெய் சொன்னா வேலிக்கு அந்தாண்ட. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

அவள் சொன்னதை நம்பினேன். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். சீட்டு விளையாட்டில்கூட அவளுக்கு ஏமாற்ற வராது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் அம்மா கோவிலுக்குப் போய்விட்டாள். அண்ணிக்குத் துணையாக நான் வீட்டில் இருந்துவிட்டேன். கோவில் மணி அடித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல், பேச்சை மாற்ற எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னேன். அவள் அதிரசத்தை வாயில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன். ஈறு முழுக்கக் கறுப்பு. கன்னத்தின் உள்பக்கத்திலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

ஆவாரம் பட்டை வாய்க்குள் எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"நான் இன்னா அத வெத்தலையில வச்சா மெல்றேன்?" என்று அதற்கும் கிண்டல்தான். ஆனால் நான் விடவில்லை. அவளை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து பார்த்தேன். சின்ன வயசில் அடுப்பில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு ஒன்று அவள் தோளில் இருந்தது. அதுவும் கறுத்திருந்தது. ரவிக்கைக்குள் இருக்கிற தோளில் பட்டைத் தண்ணீர் எப்படிப் படும்? வார்டில் டாக்டர்கள் செய்வதைப் போல, நேரே பார்க்கச் சொல்லிவிட்டு என் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெல்லக் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேரே வரும்வரை அவளுக்குத் தெரியவில்லை. பாவம், ஷாப்பில் யார் மேலும் அவள் வேண்டுமென்று இடிக்கவில்லை. பக்கத்தில் வருகிற ஆள் அவள் கண்ணில் விழவே இல்லை. கன்றிப்போன தடங்களைப் பற்றிக் கேட்டேன். உலக்கை லேசாகப் பட்டாலே அப்படி ஆகிவிடுகிறது என்றாள்.

இது என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை. நோய் என்று மட்டும் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். பட்டை இடிக்கிறவள் கை கறுக்காமல் உன் கையா கறுக்கும் என்றாள். எங்கள் ஊரில் வேறு யார் கை இப்படிக் கறுத்திருந்தாலும் வைத்தியரிடம் காட்டியிருப்பார்கள். தோல் ஷாப்புக்காரி கை கறுத்ததை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் கொல்லையில் முதல் நாள் அதைக் கறை என்றே நினைத்தேன்.

லீவு முடிந்ததும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாள் அண்ணியைப் பார்த்ததும் தன் பிள்ளைகளை அதட்டி எழுப்பிவிட்டு, "இங்க வந்து குந்தும்மா, புள்ளத்தாச்சி நிக்கக் கூடாது" என்று இடம் கொடுத்தார். கூடவே ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து மடியில் வைத்தார். எவ்வளவு நல்ல மனசு! தெருவே ஏசியபோது கல் மாதிரி நின்ற அண்ணி, அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் காட்பாடி வரும்வரை அழுதாள். அந்த அம்மாள் பிரசவ பயம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

எங்கள் வார்டு டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், வீண் பேச்சு பேச மாட்டார். அண்ணியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கண்ணைச் சோதித்தார், வயிற்றை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் கர்ப்பம் இல்லை என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. வயிற்றில் கல் மாதிரி கைக்குத் தட்டுப்படுவது ஈரல் என்றார்.

பிறகு அவர் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பில் உள்ள மற்ற சுரப்பிகளையெல்லாம் அதுதான் வேலை வாங்குகிறது. ரொம்ப அபூர்வமாகச் சிலருக்கு அதில் ஒரு கட்டி வளர்ந்து, தேவையில்லாத அளவுக்குச் சுரப்பு நீரைக் கொட்டும். முகம் உப்புவது, மாதவிலக்கு நிற்பது, தோலும் ஈறும் கறுப்பது, தோல் மெலிந்து கன்றிப்போவது எல்லாம் அதனால்தான் இருக்கும். கண் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அதையும் கட்டி அழுத்தும். இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். ஆனால் அந்தக் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும், ஈரலுக்கு வருவதாக நான் படித்ததில்லை, அதனால் நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம் என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதவர். அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

வைத்தியம் என்று ஒன்றும் இல்லை. அவ்வளவு ஆழத்தில் கத்தி வைக்க அங்கே யாராலும் முடியாது.

எங்கள் போதகர் நேரில் வந்து டாக்டரம்மாவிடம் விசாரித்துவிட்டு, அண்ணியின் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் நம்பினார். ஊர் நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கலைக்கத்தான் வேலூருக்குப் போயிருக்கிறாள், நாத்தனார் நர்ஸ் அல்லவா, எல்லாம் உள்கை என்று கதை வந்துவிட்டது. வயிறு குறைந்து திரும்பினால் கலைத்துவிட்டாள் என்பார்கள். செத்துப்போனால் கலைக்கப்போய்ச் செத்தாள் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு வழியில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊருக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்திவிட்டு வரலாமா என்றிருந்தது. அண்ணிதான் என்னைத் தடுத்தாள்.

நாளாக ஆக அவள் படுக்கையோடு ஆனாள். முதுகெலும்பில் வலி. வயிறு இன்னும் பெருத்தது. கண் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி குறுகிவிட்டது. ஒரு நாள் டாக்டரம்மா சோதித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போனப்புறம் என்ன அறுத்துப் பாருங்கம்மா. உள்ள இன்னா இருக்குதோ அத எங்க ஜனத்துக்குக் காட்டுங்க. வாயால சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க."

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அறுப்பது என்றாலே ஜனங்கள் அலறுவார்கள். பிணத்தைக் கூறு போட்டுவிட்டால் உயிர்த்தெழுதல் நாளில் எப்படி எழுந்திருப்பது என்று எங்கள் ஆட்களுக்கே பயம் உண்டு. சொந்தக்காரர்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார் டாக்டரம்மா. அண்ணிக்குச் சொந்தம் என்றால் என் அம்மாதான். அந்த அம்மாவோ நான் அண்ணியைக் கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

இனி தாங்காது என்று தெரிந்ததும் ஊருக்கு ஆள் அனுப்பினேன். அம்மா மறுநாளே வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. நலம் விசாரிக்கவில்லை, அழவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். புளியும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன. கறைக் கையோடு இவள் ஆண்டவர் முன்னால் போய் நிற்கக் கூடாது, என் மகன் வீட்டு மருமகள் என்று என்னிடம் சொன்னாள். தப்பு செய்தவளோ இல்லையோ, கை சுத்தமாகப் போகட்டும் என்பது அவள் கணக்கு.

நான் தடுக்கப் போனேன். அண்ணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

அம்மா என்னிடம் கிண்ணம் கேட்டாள். புளியைக் கரைத்து, அண்ணியின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். என் அம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து தோல் ஷாப்பில் உழைத்தவள். எத்தனை பண்டிகைக்கு எத்தனை கையைக் கழுவியிருப்பாள்! முதலில் வேகமாகத்தான் தேய்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் நிறம் மாறவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து மறுபடி தேய்த்தாள். அப்போதும் தண்ணீர் நிறம் மாறவில்லை. அவள் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. அண்ணியின் உள்ளங்கையைத் திருப்பி, ரேகைக்குள் ஓடியிருந்த கறுப்பைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தாள். வீட்டில் நான் தலைபாடாக அடித்துக்கொண்டபோது பார்க்காத ஈறு அது.

"இது கறை இல்லடி" என்றாள் அம்மா.

"நானும் அதான் அத்தே சொல்லினு இருந்தேன்" என்றாள் அண்ணி.

அதில் குத்தல் இல்லை. அதனால்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஈரக் கையால் அண்ணியின் முகத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அண்ணி கேட்டுக்கொண்டதை அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள். போன வேகத்தில் மறுநாள் திரும்பியும் வந்தாள். கூடவே அந்த மருத்துவச்சிப் பெரிம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். எப்படி வரவழைத்தாள் என்பது அவர்களுக்குள்ளேயே போயிற்று. பெரிம்மா உர்ரென்று சுவரோரம் நின்றாள்.

அண்ணிக்கு அவளைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"வா பெரிம்மா. நல்லா கிட்ட வந்து பாரு. பாத்தத மட்டும் ஊர்ல சொல்லு, போதும்."

பெரிம்மா அப்போதுதான் முதன்முதலாக அவள் வயிற்றில் கை வைத்தாள். அனுபவப்பட்ட கை. வைத்த சற்று நேரத்தில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டு மறுபடி சுவரோரம் போய் நின்றாள்.

அடுத்த நாள் முற்பகலில் அண்ணி போய்விட்டாள். என் கை அவள் கையில் இருந்தது. கடைசியாக ஏதோ சொல்ல வந்தாள். "எடம்" என்று மட்டும்தான் எனக்குக் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. அழுதேன். வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன். டாக்டரம்மா என்னை அதட்டவில்லை.

அம்மா சம்மதத்துக்குக் கைநாட்டு வைத்தாள். தலையையும் திறந்து பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் தயங்கினாள். ஊர் ஜனம் முகம் பார்க்குமே என்றாள். முகத்தைத் தொட மாட்டோம், தையல் முடிக்குள் மறைந்துவிடும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். நான் உள்ளே போகவில்லை. எத்தனை பேரை அப்படிப் பார்த்திருந்தாலும் அண்ணியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மா முதலில் யோசித்தார், பிறகு அம்மாவையும் பெரிம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். அவர்கள் வெளியே வந்தபோது பெரிம்மா நேரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ள தங்கின வயிறே இல்ல அது" என்றாள். யாரும் கேட்காமலே இரண்டாம் தடவையும் சொன்னாள்.

கர்ப்பப்பை சின்னஞ்சிறியதாக, வெறுமையாக இருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது ஈரல்தான். அதில் கட்டி கட்டியாக வெள்ளை முண்டுகள். மூளைக்கு அடியில் டாக்டரம்மா சொன்ன அதே இடத்தில், ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. இரண்டும் ஒரே ஜாதிக் கட்டி, மேலே பிறந்து கீழே வந்து குடியேறியிருக்கிறது என்று பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். தன் வேலைக்காலம் முழுவதும் இப்படி இன்னொன்றைப் பார்க்கவில்லை என்று டாக்டரம்மா வெகுவருஷங்கள் கழித்து என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. இத்தனூண்டு காய்க்கா இவ்வளவு பேச்சு பேசினோம் என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி மோட்டார் வண்டியில் அண்ணியை ஆம்பூருக்குக் கொண்டுபோனோம். தெருமுனையிலேயே பெரிம்மா இறங்கிக்கொண்டாள். ஒரு வாசலில் ஏறி, அடுத்த வாசலில் இறங்கி, நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தெருப் பாதி அவள் குரலைக் கேட்டுவிட்டது. பேச்சைக் கிளப்பினதும் அந்த வாய்தான், அடக்கினதும் அந்த வாய்தான். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தான் சொன்னது தப்பு என்று வீடு வீடாக ஏறிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? போதகரும் மூப்பர்களும் வந்தார்கள். மூத்தவர் ஒருவர் அண்ணியின் காலடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அண்ணனுக்குப் பக்கத்து இடத்தை உடனே தோண்டச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால் பெண்கள் வழக்கம்போலப் புளிக் கரைசல் கொண்டுவந்தார்கள். அம்மா கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். அண்ணியின் தலைக்கு வெள்ளைத் துணி கட்டி, புதுச் சேலை உடுத்தி, இரண்டு கைகளையும் சேலைக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி எடுத்து வைத்தாள். கறுப்புக் கை அப்படியே இருந்தது. கழுவாமலா அனுப்புவது என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"இது கழுவற கறை இல்ல" என்றாள் அம்மா. "எம் மருமவ கை சுத்தமாத்தான் கீது."

ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு பண்டிகைக்குப் புளி கரைக்கிற வழக்கத்தை எங்கள் வீட்டில் அம்மா நிறுத்திவிட்டாள். மற்ற வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

நான் நர்ஸாகி, பல ஊர் வார்டுகளில் வேலை பார்த்து, ரிட்டயராகி, இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத வயசில் இதை எழுதுகிறேன். எத்தனையோ பெண்களை வார்டுக்குக் கூட்டிவந்து, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கூட வந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண் சொல்வதை முதலில் கேட்பது என் பழக்கமாகிவிட்டது. "பாத்தாலே தெரியுதே" என்று யாராவது சொன்னால், எங்கள் எல்லார் கண்ணுக்கும் நேராக இருந்தும் நாங்கள் யாருமே பார்க்காத அண்ணியின் இரண்டு கைகள்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வருகின்றன.